கட்டியவன் கடன்

நாயைப் பற்றியும் பூனையைப் பற்றியும் வந்துள்ள இரண்டு ஹதீஸ்களை ஓதப்பள்ளிக் காலத்திலேயே நாம் கேட்டிருக்கிறோம். வழிநடையாகச் சென்ற ஒருவர், தாகம் தாங்காமல் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாயொன்றைக் கண்டார். கிணற்றில் இறங்கித் தம் தோற்காலுறையில் நீர் மொண்டு, அதை வாயால் கவ்விக்கொண்டு மேலேறி வந்து நாய்க்குப் புகட்டினார். அவருடைய பாவங்கள் மன்னிக்கப்பட்டன. இன்னோர் அறிவிப்பில் இதே காரியத்தைச் செய்தவள் ஒழுக்கம் தவறிய ஒரு பெண். மற்றைய ஹதீஸ், பூனையை அடைத்து வைத்துச் சாகவிட்டவள் பற்றியது. அவள் நரகம் புகுந்தாள். இவை புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளவை. நமது மேடைகளில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். மிருகத்துக்கு இரங்கினால் சுவர்க்கம், இரங்காவிட்டால் நரகம் என்று பயான் முடிந்துவிடுகிறது.

இரண்டும் ஒரே பாடத்தைச் சொல்லவில்லை என்பது என் எண்ணம். அந்தக் கிணற்றடியை அன்று வேறு எத்தனையோ பேர் கடந்து போயிருப்பார்கள். நாயைக் கண்டும் காணாதவர்கள்போல் நடந்த அவர்கள் தண்டிக்கப்பட்டதாக ஹதீஸில் ஒரு சொல்லும் இல்லை. இறங்கியவருக்குக் கூலி உண்டு. இறங்காதவரைப் பற்றிப் பேச்சில்லை. பூனைக்காரியின் வழக்கு அப்படியல்ல. அவள் அதை அடைத்தாள். அடைத்த பிறகு தீனி போடவில்லை. பூமியிலுள்ள சிறு பிராணிகளைத் தானே தேடித் தின்னவும் விடவில்லை. மூன்றாவதாகச் சொல்லப்பட்ட அந்தச் செய்தி எவ்வளவு முக்கியமானது என்று பாருங்கள். அவள் பூனையை வளர்க்காமலே விட்டிருந்தால், அது எலியையோ ஓணானையோ பிடித்துத் தின்று பிழைத்திருக்கும். அவள்மேல் குற்றமும் இருந்திராது. குற்றம் கதவைச் சாத்திய இடத்தில் தொடங்குகிறது. வெளியில் திரியும் உயிருக்குக் கொடுப்பது சதகா; அடைத்து வைத்த உயிருக்குக் கொடுப்பது கடன். சதகா கொடுக்காதவனை ஊர் கேள்வி கேட்காது. கடன்பட்டவனைக் கேட்கும்.

அடைத்தவன் ஒரு தனிமனிதனாக இல்லாமல் ஒரு பிரதேச சபையாக, ஓர் ஊராக இருந்தால் அந்தக் கடன் யாருடையது? மாத்தளை மாவட்டத்துக் கிராமமொன்றில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியை நான் எழுப்புவதற்குக் காரணம் உண்டு. அதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தெருநாயை நாம் இலங்கையில் கட்டாக்காலி நாய் என்கிறோம். காலி என்றால் மாட்டு மந்தை. கட்டாக்காலி என்பது கட்டாமல் விடப்பட்ட மாடு. மாட்டுக்கு உரிய சொல்லை நாய்க்கும் நீட்டிவிட்டோம். சொல்லோடு சேர்த்துச் சட்டத்தின் எண்ணத்தையும் நீட்டிவிட்டோம். 1876ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது. பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைப்பது, சொந்தக்காரன் வந்து தண்டமும் செலவும் கட்டி மீட்டுப்போவது என்பது ஊர் அறிந்த முறை. மாட்டுக்கு விலை இருக்கிறது. ஆகவே மாட்டைத் தேடி ஒருவன் வருவான். பட்டியில் மாடு பசியால் மெலிந்தால் அவன் சண்டைக்கும் வருவான். நாயைத் தேடி யார் வருவார்? உக்குவளையிலிருந்து தம்புள்ளை வரைக்கும் சந்திக்குச் சந்தி படுத்திருக்கும் நாய்களில் பெரும்பாலானவை ஒருவருக்கும் சொந்தமில்லாதவை, அல்லது நாலைந்து வீட்டுக்கும் ஒரு தேநீர்க்கடைக்கும் பொதுவாகச் சொந்தமானவை. மாட்டுக்காகச் செய்த பட்டியில் அவற்றை அடைத்தால், மீட்க ஆளில்லாத கைதிகளாகிவிடுகின்றன.

நாய் தொடர்பான நமது சட்டங்களும் பழையவை. விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டம் 1893இல் வந்தது. நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901இல் வந்தது. மிருகவதைத் தடைச் சட்டம் 1907இல் வந்தது. அந்தக் கடைசிச் சட்டம் விதித்த உச்ச அபராதம் நூறு ரூபா. 1907இல் நூறு ரூபா பெரிய பணம். இன்று ஒரு றாத்தல் பாண் வாங்கவும் அது காணாது. சட்ட ஆணைக்குழு புதிய விலங்கு நலச் சட்ட வரைவொன்றை 2006இல் தயாரித்தது. 2010இல் அது தனிநபர் பிரேரணையாகப் பாராளுமன்றத்துக்கு வந்தது. 2016இல் அமைச்சரவை அங்கீகாரம் கிடைத்தது. அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. அந்த வரைவின் உயிர்நாடி என்னவென்றால், ஒரு பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவனுக்கு அதன்பால் கவனிப்புக் கடமை உண்டு என்பதுதான். பூனை ஹதீஸை ஓதியவர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

2006இல் இன்னொன்றும் நடந்தது. கட்டாக்காலி நாய்களைக் கொல்வதில்லை என்று அரசாங்கம் கொள்கை முடிவெடுத்தது. அதுவரை நகரசபை வண்டி வரும். சுருக்குக் கம்பி விழும். ஏற்றிப்போன நாய் திரும்பாது. சிறு வயதில் அந்த வண்டியைக் கண்டு நாங்கள் ஓடி ஒளிந்ததுண்டு. நம்மையும் பிடித்துவிடுவார்களோ என்ற பயம். கொல்லக்கூடாது என்ற முடிவு நல்ல முடிவு. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நாய் கூடாது என்று மக்கள் நச்சரிப்பதும், கொல்லக்கூடாது என்று மேலிடம் சொல்வதும் சேர்ந்தபோது, இடையில் அகப்பட்ட உள்ளூராட்சி மன்றங்கள் இரண்டு வழிகளைக் கண்டுபிடித்தன. ஒன்று, இரவில் ஏற்றிப்போய் அடுத்த சபையின் எல்லையில் இறக்கிவிடுவது. மற்றது, எங்காவது வேலியடித்து அடைப்பது.

அப்படி அடைத்த கூடொன்றை நான் பார்த்திருக்கிறேன். எந்தச் சபை என்பது இங்கே தேவையில்லை. குப்பை கொட்டும் காணியின் ஓரத்தில் கம்பிவலை, பாதிக்குத்தான் தகரக்கூரை. பெரியதும் சிறியதும், சிரங்கு பிடித்ததும் பிடிக்காததும், கடுவனும் பெட்டையும் ஒன்றாகவே கிடந்தன. தார்ப்பீப்பாயைப் பாதியாக வெட்டிய தொட்டியில் பாசித் தண்ணீர். காவலுக்கு இருந்த தொழிலாளி நல்ல மனிதர். சாப்பாட்டுக்கடை மிச்சம் வந்தால் போடுவேன், வராத நாளில் என்ன செய்வது சேர் என்று என்னிடமே கேட்டார். வலிமையான நாய் தின்கிறது, மற்றது பார்த்துக்கொண்டிருக்கிறது. வெளியே குப்பைமேட்டில் கூட்டுக்குள் அகப்படாத நாய்கள் கோழிக்குடலை இழுத்துக்கொண்டு நின்றன. அவை வயிறாரத் தின்றன. உள்ளே இருந்தவை வேலிக்கூடாக அதைப் பார்த்தன.

அந்தக் கூட்டுக்கு மன்றத்தின் கடதாசிகளில் 'பராமரிப்பு நிலையம்' என்று பெயர்.

கொல்லவில்லை என்ற நிம்மதிக்காக மனிதர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்பதற்கு, நமது சமூகம் பெருமையோடு பேசும் நகரமொன்றின் வரலாற்றிலேயே சான்று உண்டு. இஸ்தான்பூல் தெருநாய்களின் நகரம். உஸ்மானியர் காலத்தில் தெருநாய்க்கு இறைச்சியும் ரொட்டியும் போடுவதற்கென்றே வக்பு செய்தவர்கள் அங்கே இருந்தார்கள். நாய் வீட்டுக்குள் வராது. ஆனால் ஒவ்வொரு மஹல்லாவுக்கும் அதன் நாய்கள் உண்டு. 1910இல் நகரத்தை நவீனமாக்கப் புறப்பட்ட ஆட்சியாளர்கள் பல்லாயிரக்கணக்கான நாய்களைப் பிடித்து மர்மரா கடலிலுள்ள ஒரு பாறைத் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். தண்ணீர் இல்லை, தீனி இல்லை. ஒன்றையொன்று தின்றும், கடலில் குதித்தும், தாகத்தால் வெந்தும் அவை செத்தன. காற்று வீசிய திசையில் ஊளைச் சத்தம் நகரத்துக்குக் கேட்டதாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு நாயையும் ஒருவரும் அடித்துக் கொல்லவில்லை. அந்தத் தீவை மக்கள் ஹயிர்சிஸ் அடா என்கிறார்கள். ஹைர் இல்லாத தீவு. நமக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

அதே துருக்கியில் 2024 ஜூலையில், தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்று சட்டம் நிறைவேறியது. எதிர்த்து வீதிக்கு வந்தவர்களில் பலர் 1910ஐ நினைவூட்டினார்கள். இந்தியாவில் 2025 ஓகஸ்ட் 11ஆம் திகதி உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு, டில்லியின் தெருநாய்களைப் பிடித்து அடைக்க வேண்டும், திரும்பவும் தெருவில் விடக்கூடாது என்று உத்தரவிட்டது. பதினொரு நாள் கழித்துப் பெரிய அமர்வொன்று அதை மாற்றியது. கருத்தடை செய்து, தடுப்பூசி ஏற்றி, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். விசர் பிடித்ததையும் மூர்க்கமானதையும் விடவேண்டாம் என்றது. நவம்பரில் பாடசாலை, வைத்தியசாலை, பஸ் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடிப்பவற்றை மட்டும் அதே இடத்தில் விடக்கூடாது என்று இன்னோர் உத்தரவு வந்தது. மூன்று மாதத்துக்குள் இத்தனை திருத்தங்கள். நீதிபதிகளைக் குறைசொல்ல நான் வரவில்லை. அடைத்துவிடுங்கள் என்று ஒரு வரி எழுதுவதற்கும், அடைத்த பிறகு விடியும் முதலாவது காலைக்கும் இடையே உள்ள தூரம் அப்படி.

இதற்கு மாறான வழி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னை மாநகராட்சி நூறாண்டுக்கு மேலாக நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. கொன்ற காலமெல்லாம் நாயும் குறையவில்லை, விசரும் ஒழியவில்லை. 1959இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் அமைப்பு ஆண்டுக்கணக்காக வற்புறுத்தியதன் பிறகு, 1996இல்தான் கொலையை விட்டுக் கருத்தடைக்கு மாறினார்கள். நமது நாட்டிலும் புள்ளிவிபரம் அதையே சொல்கிறது. 1973இல் இலங்கையில் விசர்நாய்க்கடியால் இறந்தவர்கள் 377 பேர். அண்மைய ஆண்டுகளில் அது இருபது முப்பது என்ற அளவுக்கு வந்துள்ளது. இந்த இறக்கத்தில் பெரும் பங்கு ஊசிக்கு உரியது: நாய்க்கு ஏற்றிய ஊசியும், கடிபட்டவருக்கு அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாக ஏற்றும் ஊசியும். ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊசி போட்ட நாயைப் பிடித்து அடைத்தால் அதன் இடத்துக்கு ஊசி போடாத நாய் வந்துவிடும். சந்தியில் எலும்பு கிடக்கும்வரை சந்தி காலியாக இராது.

கடிக்கும் நாயை வைத்துக்கொண்டு தத்துவம் பேசுகிறீர்களா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. என் வகுப்பில் படிக்கும் சிறுமி ஒருத்தியைச் சென்ற தவணையில் நாய் கடித்தது. காலில் தையல்; பிறகு ஊசிகள். இப்போது அவள் நேர்வழியை விட்டு, மிளகுத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் வருகிறாள். அவளுக்கும் அவள் உம்மாவுக்கும் முன்னால் நின்று நாயின் உரிமையை மட்டும் பேசுகிறவனை நானும் மதிக்கமாட்டேன். கடிநாயைக் கொல்ல மார்க்கம் அனுமதிக்கிறது. இஹ்ராமில் இருப்பவரும் கொல்லலாம். விசர் கண்ட நாயை, அல்லது அடிபட்டுப் பிழைக்க வழியில்லாத நாயை, மிருக வைத்தியர் ஓர் ஊசியில் முடித்துவிடுவதை நான் எதிர்க்கவில்லை. அறுக்கும்போதும் கத்தியைத் தீட்டிக்கொள், பிராணிக்குச் சிரமம் கொடுக்காதே என்று பணித்த மார்க்கத்தில், நோவில்லாமல் முடிப்பதற்கு இடம் இருக்கிறது. ஒரு மாதம் பட்டினி போட்டு முடிப்பதற்கு இடமில்லை. கொல்லாமை என்ற பெயரில் நடக்கும் அந்தப் பட்டினி, நேரடியாகக் கொல்வதைவிடக் கீழானது என்றே சொல்வேன்.

மதீனாவில் நாய்களைக் கொல்லும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிடவில்லையா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அந்தக் கட்டளை பின்னர் விலக்கப்பட்ட செய்தியும் அதே முஸ்லிம் கிரந்தத்தில்தான் இருக்கிறது. நாய்களும் சமுதாயங்களுள் ஒரு சமுதாயம் என்ற கருத்துள்ள ஹதீஸை அபூதாவூதும் திர்மிதியும் பதிந்துள்ளார்கள். குகைவாசிகளின் நாய் வாசலில் கால்நீட்டிப் படுத்திருந்ததைக் குர்ஆன் தனியே எடுத்துச் சொல்கிறது.

நமக்குள் உள்ள உண்மையான தடை வேறு. நாய் நஜீஸ். ஷாஃபிஈ மத்ஹபில் வளர்ந்த நமக்கு, ஏழு முறை கழுவுதலும் அதில் ஒன்று மண்ணோடு என்பதும் சின்ன வயதிலேயே உடம்பில் ஊறியவை. மாலிகிகள் உயிருள்ள நாயைச் சுத்தமானது என்கிறார்கள். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் நஜீஸ் என்பது கழுவுவதற்கான சட்டம், வெறுப்பதற்கான சட்டமல்ல. அதே ஷாஃபிஈ கிதாபுகளைத் திறந்து தயம்மும் பாடத்தைப் பாருங்கள். உளூவுக்கு மட்டும் போதுமான தண்ணீர் கையில் இருக்கிறது. அருகில் தாகத்தால் சாகும் உயிர் ஒன்று நிற்கிறது. தண்ணீரை அதற்குக் கொடுத்துவிட்டுத் தயம்மும் செய்துகொள் என்கிறார்கள் இமாம்கள். கடிநாய் இதில் சேராது. தீங்கில்லாத நாய் சேரும் என்பதே வலுவான கருத்து. தொழுகைக்கு முன்னால் நாயின் தாகத்தை வைத்தவர்கள் நாயை நஜீஸ் என்று எழுதிய அதே அறிஞர்கள்தான். ஹிஜ்ரி 660இல் மறைந்த ஷாஃபிஈ மேதை இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் பிராணிகளுக்கு மனிதன்மேல் உள்ள உரிமைகளை வரிசைப்படுத்தினார். கிழடுதட்டி, நோயுற்று, ஒரு பயனும் தராத நிலையிலும் அதற்குச் செலவு செய்ய வேண்டும் என்பதை அதில் சேர்த்தார். கையில் வைத்திருக்கும் பிராணியைப் பற்றிய பேச்சு அது. கூட்டில் அடைத்ததும் கையில் வைத்திருப்பதுதானே?

எங்கள் ஊரில் இப்போது ஒரு மனு சுற்றுகிறது. நாய்களைப் பிடித்துக்கொண்டுபோய் அடைக்கும்படி பிரதேச சபைக்கு எழுதியது. ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் கையொப்பம் வாங்கினார்கள். என் முன்னும் வந்தது. இரண்டாவது பக்கம் எங்கே என்று கேட்டேன். இந்த விளையாட்டெல்லாம் வாத்தியாருக்கு வேண்டாம் என்றார் ஒரு பெரியவர், சிரித்துக்கொண்டுதான். நான் விளையாடவில்லை. பூனைக்காரி தனியாகச் செய்ததை இருநூறு பேர் கையொப்பமிட்டுச் செய்தால், பாவம் இருநூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏழாந்தரப் பிள்ளைகளுக்கு அதை ஒரு கணக்காகவே கொடுத்தேன். ஒரு நாய்க்கு நாளொன்றுக்கு அரைக்கிலோ சோறு என்று மிகக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். 40 நாய்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு, மாதத்துக்கு எவ்வளவு? 20 கிலோ, 600 கிலோ என்று விடை வந்தது. ஒரு பையன் எழுந்து, சோறு மட்டுமா சேர், கறி வேண்டாமா என்று கேட்டான். கணக்கைத் திருத்தினோம். பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி, குட்டி போட்டால் என்ன செய்வது என்றாள். கடுவனையும் பெட்டையையும் ஒன்றாக அடைத்த சபைக்கு வராத கேள்வி அவளுக்கு வந்தது.

இந்தப் பிரச்சினையில் நமது பங்கும் உண்டு. ஊரிலுள்ள நாய்களில் பாதி நமது இறைச்சிக்கடைகளின் பின்பக்கத்தை நம்பி வாழ்கின்றன. உழ்ஹிய்யா நாட்களில் குடலும் தோல்துண்டும் ஆற்றோரத்தில் கிடக்கும் கோலத்தை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. ஆழக் குழிவெட்டிப் புதைத்தால் நாய் பெருகாது. நாங்கள் நாய் வளர்ப்பதில்லை, வளர்த்துத் தெருவில் விடுபவர்கள் மற்றவர்கள் என்று நம்மில் பலர் சொல்கிறார்கள். பெட்டைக் குட்டிகளைப் பெட்டியில் போட்டுச் சந்தையடியில் விட்டுவிட்டுப் போகும் வழக்கம் இந்த மாவட்டத்தில் இருப்பது உண்மை. 2022இன் பஞ்சத்தில் அது கூடியதையும் கண்டோம். ஆனால் அந்தக் குட்டிக்குத் தீனி போடுவது எங்கள் கடை வாசல்.

இரண்டாவது பக்கத்தை நானே எழுதிப் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் கொடுத்திருக்கிறேன். கருத்தடையும் தடுப்பூசியும் செய்ய மிருக வைத்தியர் குழு ஊருக்கு வர வேண்டும். அதற்குப் பாடசாலை மைதானத்தைக் கொடுக்கலாம். கடித்த நாயையும் நோயுள்ள நாயையும் மட்டுமே அடைக்க வேண்டும், அதுவும் எத்தனை நாள் என்று எழுதிவைத்து. கடுவன் வேறு, பெட்டை வேறு, குட்டிகள் வேறு. முழுக்கூரை, ஓடும் தண்ணீர், கழுவக்கூடிய தரை. சாப்பாட்டுக்குச் சபையின் வரவு செலவில் தனி ஒதுக்கீடு. கடை மிச்சத்தை நம்பக்கூடாது. உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை, செத்தது எத்தனை என்று பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஒரு கொப்பி. பாடசாலை விட்டுப் பிள்ளைகள் நடக்கும் நேரத்தில் அந்தச் சந்தியில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும் என்பதையும் எழுதினேன். அந்தச் சிறுமிக்கு இப்போதே தேவைப்படுவது அதுதான்.

நிர்வாகத்தினர் பொறுமையாக வாசித்தார்கள். வைத்தியர் குழுவை அழைக்கச் சம்மதித்தார்கள். குழி வெட்டுவதற்கும் சம்மதித்தார்கள். கூட்டில் உள்ளதைத் தொட்டுத் தீனி வைக்கும் ஆளின் உடுப்பு என்னாவது என்று ஒருவர் கேட்டார். உலர்ந்தது உலர்ந்ததில் பட்டால் நஜீஸ் ஒட்டாது, ஈரம் பட்டால் கழுவ வேண்டியதுதான், ஒரு வாளி மண்ணும் ஒரு குழாயும் கூட்டு வாசலில் இருந்தால் போதும் என்று மௌலவியே பதில் சொன்னார். அதையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டோம். கடைசியாக ஒரு வரியில் மட்டும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். சபை அலுவலகம் பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் போயா நாளிலும் பெருநாள் காலையிலும் கூட்டைத் திறந்து தண்ணீர் மாற்றுபவர் யார் என்ற வரி அது. பெயருக்கு இடம் விட்டு, அதை அப்படியே வைத்திருக்கிறோம்.